அயலவருக்குப் பயந்தவர்கள்

அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் பிரித்தானிய அரசனை விட்டுப் பிரிந்துபோக நினைத்த காலத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஹம்பேர்க்கில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பிரிந்துபோக நின்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் படங்கள் இருக்கின்றன. அரசனோடு நின்றவர்களுக்கு அரைப் பக்கம். அதிலும் பணக்காரர்கள், பதவியில் இருந்தவர்கள், பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லி இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு பக்கமும் மகன் மறுபக்கமும் நின்ற ஒரு காலத்தை இப்படிக் கழுவித் துடைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அந்தப் பாடத்தை ஒரு நாடகம்போல நடத்திப் பார்த்தேன். வகுப்பறைதான் ஊர்க்கூட்டம் நடக்கும் மண்டபம். மாணவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தேன். துறைமுகத்துத் தச்சன், தேயிலை வியாபாரி, அரசன் பெயரில் சத்தியம் செய்துவிட்டுப் பதவியேற்ற பாதிரியார், நேற்றுக் கப்பலால் இறங்கிய ஸ்கொட்லாந்து விவசாயி, பெரிய நிலச்சொந்தக்காரனின் காணியைக் குத்தகைக்குச் செய்கிறவன். கூட்டத்தில் பிரிவதா, இருப்பதா என்று ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் வயிற்றையும் மனச்சாட்சியையும் நினைத்துப் பேச வேண்டும். ஆனால் எல்லோருக்கும் புரட்சிக்காரராக இருக்கத்தான் ஆசை. பாதிரியாராக வந்த மாணவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தான் மட்டும் ஏன் கோழையாக இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

செய்த சத்தியத்தை மீறாமல் இருப்பது கோழைத்தனமா என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். பிறகு, அரசனோடு நின்றவர்களைச் சில ஊர்களில் அயலவர்களே பிடித்து, உடுப்பைக் கழற்றி, சூடான தாரைப் பூசி, அதன்மேல் இறகுகளைக் கொட்டி ஊர்வலம் கொண்டுபோனதைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. யாரோ கோழிபோலக் கத்திக் காட்டினார்கள். தோல் உரிந்து வரும் என்று சொன்ன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே சிரிப்பை அந்த வருடம் நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன்.

அதைக் கேட்டது எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிற பள்ளிக்கூடம். நானும் அங்கே சிறுவயதில் படித்து, பிறகு படிப்பிக்கத் தொடங்கியவள். அதன் தலைமை தொலைவில், ரைன் நதிப் பக்கத்து நகரமொன்றில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் என்ன படிப்பது, எந்தப் பரீட்சை எழுதுவது, ஆண்டுவிழா மேடையில் எந்தப் பெரிய மனிதர் இருந்து கொட்டாவி விடுவது என்பதெல்லாம் அங்கிருந்தே முடிவாகி வரும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வீட்டிலும் ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்கிற பிள்ளைக்குப் பனையின் பயன்களை மனப்பாடம் பண்ணக் கொடுத்தார்கள். ஆகவே பிரிந்துபோய்ச் சொந்தமாக நடத்துவோம் என்று கதை கிளம்பியபோது நானும் முன்னுக்கு நின்றேன். இன்று கேட்டாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

வெயில் காலத்துத் தொடக்கத்தில் கூட்டம் வைத்தோம். தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்துவிட்டு, பிரிவதற்கு விருப்பமானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. எழாமல் இருந்த சில கைகளில் ஒன்று, ஆகச் சின்னப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக அ, ஆ எழுதப் பழக்கிய அக்காவின் கை. நான் சிறுமியாக இருந்தபோதே அவர் அங்கே படிப்பித்தவர்; நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஏன் என்று கேட்டார்கள். தனக்கு இப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். வாய் கிழியப் பேசுகிற கூட்டத்தில் அந்த ஒரு வரி எடுபடவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் "துரோகி" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சொல்லால் யுத்தகாலத்தில் எங்கள் நாட்டில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்று அந்த மண்டபத்திலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பயந்து ஓடி வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஐரோப்பாவின் நடுவில், பயமில்லாத ஒரு மண்டபத்தில், வாயில் பாதி றோல்ஸோடு அதைச் சொல்ல ஒரு மனிதருக்கு முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கை துடைக்கக் கடதாசி தேடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் இரண்டாகியது. அக்கா பழைய பக்கத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு, வேறு ஒரு சின்ன அறையில் படிப்பித்தார். எங்கள் ஆட்கள் அவரோடு கதைப்பதை விட்டார்கள். பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தமிழ்க் கடையில் அவர் எதிரே வந்தால் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து முறித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துவதற்காகப் பிரிந்தவர்கள் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். அதற்கும் எனக்குப் பேச்சு விழுந்தது.

அந்த நாடகப் பாடம் நடந்த வாரத்திலேயே அக்காவின் கணவர் இறந்துபோனார். துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தவர். வேலை முடிந்து உடுப்பு மாற்றும்போது விழுந்தவர் எழும்பவில்லை.

ஊரில் என்றால் செத்தவீடு ஒரு நாள், இரண்டு நாளில் முடிந்துவிடும். இங்கே எரிப்பதற்கு நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கிழமைக்கு மேலே போகும். அதுவரை உடல் எங்கேயோ ஒரு குளிரறையில் இருக்க, வீட்டில் படத்துக்கு விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருப்பார்கள். உடல் எரியும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மற்ற வீடுகளிலிருந்துதான் சாப்பாடு போகும். இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று ஹம்பேர்க் தமிழர்கள் டெலிபோனிலேயே முறை பிரித்துவிடுவார்கள். பின்னேரங்களில் வீடு கொள்ளாத சனம் வந்து, மாடிப்படியெல்லாம் சப்பாத்தாகக் கிடக்கும். எங்களிடம் இருக்கிற மிக நல்ல பழக்கம் அதுதான் என்று நான் ஜெர்மன் ஆசிரியர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

முதல் நாள் பின்னேரம் பாடசாலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். கீழ்வீட்டு ஜெர்மன்காரியிடம் மடிப்புக் கதிரைகள் இரவல் வாங்கிச் சுவரோரமாக வரிசையாய் வைத்திருந்தார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. வேறு நகரத்தில் படிக்கிற மகள் வந்து, எரிக்கும் கம்பனியோடு டெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த நேரம் முழுவதும் வாசல் மணி அடிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் மாடிப்படியில் சத்தம் கேட்கும்போது சேலையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்தார். அடுத்த நாளும் போனேன். கதிரைகள் அப்படியே இருந்தன.

அனுதாபத்துக்குக் குறைவில்லை. எரியும் குத்துவிளக்கும் வெள்ளைப் பூவும் போட்ட படங்கள் அக்காவின் கைபேசியில் வந்து விழுந்தபடி இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ஒருவர் அனுப்பியதை மற்றவர் வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தார். ஒன்றில் வேறு யாரோ இறந்தவரின் பெயர்கூட மாற்றாமல் கிடந்தது. சீ என்று வாய்விட்டே சொன்னேன்.

பொறுக்க முடியாமல் எங்கள் புதுப் பள்ளிக்கூடத்தின் தலைவருக்கு டெலிபோன் எடுத்தேன். போக வேண்டாம் என்று தாங்கள் யாருக்கும் சொல்லவில்லையே என்று பூசி மெழுகினார். ஆட்களுக்கு வேலையாம், தடிமனாம், பிள்ளைகளுக்குச் சோதினையாம். விடாமல் கேட்டபோதுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

"அவவுக்குத் தலைமைதானே வேணும் எண்டு நிண்டவ. தலைமை வந்து பாக்கட்டுமன்."

இவரோடு சேர்ந்துதான் நான் சுதந்திரம் கேட்டுக் கை உயர்த்தியிருக்கிறேன். டெலிபோனை வைத்த பிறகு கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது, கழுவவும் கழுவினேன்.

நானும் அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். செத்தவீட்டுச் சாப்பாடு என்றால் இந்த நகரத்தில் அம்மாவைத்தான் முதலில் கேட்பார்கள். மணத்துக்கு உள்ளி போட்ட பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி என்று பெரிய சட்டிகளில் வைத்து, சூடு ஆறாமல் துவாயால் சுற்றி அனுப்புவார். அந்த அலுமினியச் சட்டிகளின் அடியில் எங்கள் வீட்டுப் பெயர் கீறியிருக்கும். ஒரு கிழமை கழித்து அவை நன்றாக மினுக்கப்பட்டுத் திரும்பி வரும். அக்கா வீட்டுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோகவில்லை என்று சொன்னேன். அம்மா உடனே எழும்பிச் சமைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் முழுக்க முகத்தைத் திருப்பினாலும் என் அம்மா அப்படியில்லை என்று நினைத்தேன்.

குசினிக்குள் போய்ப் பார்த்தால் சட்டிகள் அலுமாரியிலேயே இருந்தன. ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிகள், தயிர் வாளிகள், கடையில் சாப்பாடு கட்டித் தரும் பெட்டிகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து அவற்றில் சோற்றையும் கறியையும் நிரப்பிக்கொண்டிருந்தார். ஏன் சட்டியில் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"திருப்பித் தர வேண்டாம் எண்டு சொல்லு. எறியச் சொல்லு," என்றார். பிறகு மூடியை அழுத்திக்கொண்டே, "குடுத்திட்டு உடனை வா. அங்கை ஒண்டிலும் வாய் வைக்காதை."

செத்தவீட்டுத் துடக்கு என்பதாலா என்று கேட்டேன். அம்மா அடுத்த பெட்டியை எடுத்தார். கூட்டத்தில் கை உயர்த்தாததாலா என்று கேட்டேன். அதற்குச் சிரித்தார்.

"கூட்டம் என்ன கூட்டம். அவை ஊரில வேற பக்கம். உனக்கு விளங்காது."

விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களிடம் சாதியை யாரும் சாதி என்று கேட்க மாட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள். எத்தனையோ கலியாணவீடுகளில் என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஊர் ஞாபகத்தில் கதைக்கிறார்கள் என்று நினைத்து விட்டிருந்தேன். எல்லையெல்லாம் களவாகக் கடந்து, கடவுச்சீட்டையும் கிழித்தெறிந்துவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் மடியில் கட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் அம்மாவைப் பார்த்து அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எஸ்-பான் ரயிலில் போனேன். அக்கா பையைத் திறந்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார். தயிர் வாளியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏனம் கழுவித் தாற வேலையும் இல்லை, நல்லதுதான் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் அக்கா அன்றைக்குக் கை உயர்த்தவில்லை என்று கேட்டேன். அத்தனை மாதத்தில் அவரிடம் யாரும் அதை உட்கார்ந்து கேட்டதில்லை.

"தலைமையில இருக்கிறவை நல்லவை எண்டு நான் சொல்லமாட்டன், பிள்ளை," என்றார். "ஆனா அவை தூரத்தில இருக்கினம். நான் ஊரில எந்தப் பக்கம் எண்டு அவைக்குத் தெரியாது. சோதினை வச்சினம், பாஸ் பண்ணினன், வகுப்பைத் தந்தினம். அவ்வளவுதான். எல்லாம் இஞ்சை இருக்கிறவையின்ர கைக்கு வந்தா, முதல் என்னைத்தான் தட்டிக் கழிப்பினம். இந்த வீட்டுக் கதவுக்கு வராதவை, என்னட்டைப் பிள்ளையள விடுவினமே?"

வரிசையாக இருந்த வெறும் கதிரைகளைக் காட்டினார்.

பிறகு பழக்கத்தில் எழும்பிக் குசினிக்குள் போனார். வந்து எனக்கு முன்னால் ஒரு சோடாப் போத்தலை வைத்தார். மூடி திறக்காத போத்தல். பக்கத்தில் கிளாஸ் இல்லை. அவர் வீட்டுக்கு நான் போன நாளெல்லாம் எனக்கு அதுதான் வந்திருக்கிறது. இங்கே வளர்ந்த பிள்ளைக்குச் சோடா பிடிக்கும் என்று அன்பாகத் தருகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். சின்னவளாக அம்மாவோடு போனபோதும் அம்மா போத்தலிலேயே வாயை வைத்துக் குடித்தது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக் கிளாஸைத் தொடாமல் போகவேண்டிய விருந்தாளிக்கு, அவர் வாய் திறந்து கேட்க முன்பே, அக்காவே வழி செய்து கொடுத்திருக்கிறார். இத்தனை வருடமும் என்னையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தார். அதில் அவர் பிழை என்ன இருக்கிறது?

"எனக்குத் தேத்தண்ணி தாங்கோ, அக்கா."

அவர் போத்தலைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். அடுப்பு மூட்டவில்லை என்றார். கரண்ட் கேத்திலில் போடலாமே என்றேன். மகள்தான் போய்ப் போட்டாள். சீனி கூடிப்போயிருந்தது. பிறகு அவர்கள் வீட்டுத் தட்டுகளை நானே எடுத்து, அம்மா சமைத்த சோற்றைப் போட்டு, மூன்று பேரும் சாப்பிட்டோம். அக்கா சாப்பிடும்போதுதான் முதல் தடவை அழுதார்.

அடுத்த பாடத்தில் ஊர்க்கூட்டத்துக்குப் புதுப் பாத்திரங்களைச் சேர்த்தேன். ஊரோடு ஒட்டாத சின்ன மதக்குழு ஒன்றைச் சேர்ந்தவள், நிலத்துக்கு அலைகிற குடியேறிகளைவிட அரசன் பரவாயில்லை என்று நினைத்த பூர்வகுடி, விடுதலை தருகிறோம் என்ற வாக்கை நம்பி அரசனின் படையிடம் ஓடிப்போன அடிமை. சுதந்திரம் என்று உரக்கப் பேசிய கனவான்கள் சிலரின் வயலில்தான் அவன் வேலை செய்தான் என்று சொன்னேன். வியாபாரத்துக்காக நின்றவர்கள் இருந்தார்கள், சத்தியத்துக்காக நின்றவர்கள் இருந்தார்கள், சண்டை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சேராதவர்களும் நிறையப் பேர். இந்தப் புதுப் பாத்திரங்களோ கடல் கடந்து இருக்கிற அரசனைவிடப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்தவர்கள். இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதிரியாராக வந்த மாணவி, அப்படியென்றால் பிரிந்தது பிழையா என்று கேட்டாள். பிழையில்லை என்றேன். பிரிந்தவர்கள் யாரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

எரிக்கிற நாளன்று சுடலை மண்டபத்தின் முன்வரிசைகளில் களஞ்சியத்து ஜெர்மன்காரர்களும் துருக்கிக்காரர்களும் வேலைச் சப்பாத்தோடு இருந்தார்கள். அக்கா வீட்டில் என்ன குடிக்கலாம், என்ன குடிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாது. தலைமையிலிருந்து ஒருவர் கறுப்புக் கோட்டோடு வந்தார். கொடுத்த நேரத்தில் பாதியைத் தலைமையின் சேவையைப் பற்றிப் பேசி விழுங்கிவிட்டு, சவப்பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அக்கா நம்பியிருந்த தூரத்துப் பக்கத்தின் இலட்சணமும் அதுதான். எங்கள் பக்கத்துத் தலைவரும் இன்னும் சிலரும் வந்து வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். உள்ளே வந்தால் படமெடுத்து யாராவது குரூப்பில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். வரவுமில்லை, வராமலுமில்லை. அவர்களைக் கடந்து போகும்போது ஒருவர் என்னைப் பார்த்துச் சோகமாகத் தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மண்டபத்துக்குள் அம்மா வருவார் என்று கடைசிவரை வாசலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவிலேயே நின்றார். சுடலைக்குப் போய் வந்தவர்கள் ஒன்றையும் தொடாமல் நேரே போய்க் குளித்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போய்வந்து நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, துவாயும் மாற்றுடுப்பும் எடுத்து வைத்திருந்தார்.

"அங்கை ஏதும் குடிச்சனியே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். போன கிழமை அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்தேன், அவர்கள் தட்டில் சாப்பிட்டும் இருக்கிறேன் என்றேன்.

"சரி, போய்க் குளி," என்றார் அம்மா.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். நேரே போய்ச் சோபாவில், அம்மா எப்போதும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அந்த உடுப்போடேயே இருந்தேன். வந்து இருங்கோ அம்மா என்று கூப்பிட்டேன். அம்மா கையில் துவாயோடு நடுவீட்டில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய், அங்கிருந்த முக்காலியில் இருந்துகொண்டார்.